காருக்குள் ஓர் ஓசை

பேரோசையை மனிதன் எளிதில் பொறுத்துக்கொள்கின்றான். சிற்றோசைதான் அவனை வதைக்கின்றது. இருப்புப் பாதைக்கு அருகில் குடியிருப்பவர் நள்ளிரவில் விரைந்து செல்லும் வண்டியின் முழக்கத்திலும் நன்றாக உறங்குகின்றார். ஆனால் குளியலறைக் குழாயிலிருந்து சொட்டும் நீர் அவரை எழுப்பி உட்கார வைத்துவிடுகின்றது. முழக்கத்தின் காரணம் அவருக்குத் தெரியும். அது வரும் நேரமும் போகும் நேரமும் தெரியும். சொட்டு நீரின் ஓசை அத்தகையது அன்று. எங்கோ ஏதோ ஒன்று சரியாக இல்லை என்று அது விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றது.

காருக்குள் எழும் கடகடப்பும் இவ்வகையைச் சேர்ந்ததே. தலைநகரில் வாழும் நம்மவர் குடும்பங்கள் பலவற்றில் இன்று கார் இருக்கின்றது. வார நாட்களில் அலுவலகத்திற்கும் பள்ளிக்கும், விடுமுறை நாளில் ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்கும், கரோல் பாக் கடைத்தெருவிற்கும் அது நம்மைச் சுமந்து செல்கின்றது. வாங்கிய இரண்டு மூன்று ஆண்டுகளில் அதற்குள் எங்கிருந்தோ ஓர் ஓசை புகுந்துவிடுகின்றது. பெரும்பாலோர் வானொலியின் ஒலியைச் சற்று உயர்த்தி அதை மறைத்துவிடுகின்றனர். நாங்கள் அதை மறைக்காமல் தேடிச் சென்றோம். தேடலில் கண்டவை சங்கத்து அன்பர்கள் சிலருக்கேனும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகின்றோம்.

பழைய கார்களில் இத்தொல்லை இல்லையா என்று சிலர் கேட்கலாம். இருந்தது, மிகுதியாகவே இருந்தது. உத்தர்பாராவில் உருவாகி, 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் வண்டியில் நெடுங்காலம் பயணம் செய்தவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். ஹாரன் ஒன்றைத் தவிர மற்ற எல்லா உறுப்பும் ஓசை தரும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். எல்லாமே ஓசை தரும்போது எந்த ஒன்றும் தனியே காதில் விழுவதில்லை. இன்றைய கார்களில் எஞ்சினின் இரைச்சல் அடங்கிவிட்டது. கண்ணாடிகள் இறுக மூடுகின்றன. காற்றின் ஓசையும் குறைந்துவிட்டது. மின்கலத்தால் ஓடும் கார்களிலோ எஞ்சினே இல்லை. பெரிய ஓசைகள் விலகிய இடத்தில் சிறிய ஓசைகள் துலங்குகின்றன. கூட்டம் கலைந்த மண்டபத்தில் ஒருவர் இருமுவது ஊர் முழுதும் கேட்பதைப் போன்றது இது.

இதற்குத் தில்லியின் தட்பவெப்பமும் துணை செய்கின்றது. இங்கே தை மாதத்து விடியலில் வெப்பம் ஐந்து பாகைக்கு அருகில் இறங்குகின்றது. ஆனி வெயிலில் நாற்பத்தைந்து பாகையைத் தொடுகின்றது. வெயிலில் நிறுத்திய காருக்குள் அறுபது பாகையையும் அது கடந்துவிடும். எஃகு ஒரு மீட்டர் நீளமுள்ளதாக இருந்தால், நாற்பது பாகை வேறுபாட்டிற்கு அது அரை மில்லிமீட்டர் அளவே நீளும். டாஷ்போர்டு செய்யப்படும் பிளாஸ்டிக்கோ அதைப் போலப் பல மடங்கு நீளும். எஃகுச் சட்டத்தின்மேல் பிளாஸ்டிக்கைப் பொருத்தி, இரண்டையும் ஒரே வெயிலிலும் ஒரே குளிரிலும் வைத்தால், ஒன்று நீள்கின்றது. மற்றொன்று உடன் நீள மறுக்கின்றது. இந்தப் பிணக்கில் இடையிலுள்ள பிடிப்புகள் தளர்கின்றன. மாரியில் கேட்கும் ஓசை கோடையில் மறைவதும், காலையில் கேட்பது பிற்பகலில் மறைவதும் இதனாலேயே.

சாலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வேகத்தடை எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-ஆம் ஆண்டிலேயே ஒரு நெறிமுறை வகுத்தது. 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட சரிவான மேடு அது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அதிர்ச்சியின்றி ஏறி இறங்கத்தக்கது. நம் குடியிருப்புச் சாலைகளில் இருப்பவை பெரும்பாலும் அந்த நெறிமுறையைப் படித்தவர்கள் போட்டவை அல்ல. ஒவ்வொரு நாளும் பத்து முறை அவற்றின்மேல் ஏறி விழும் காரில் திருகாணிகள் இறுக்கமாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று.

எங்கள் காரில் ஓசை தோன்றி நான்கு மாதம் ஆகியிருந்தது. கோடை விடுமுறையில் அக்காரிலேயே திருச்சிக்குச் சென்று வருவது என்று முடிவு செய்திருந்தோம். ஆக்ரா, ஜான்சி, நாக்பூர், ஐதராபாத், பெங்களூர் வழியாக ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். உடன் வருபவர்கள் எண்பது வயதைக் கடந்த எங்கள் வீட்டுப் பெரியவரும், பத்து வயதுப் பெண்ணும். பெரியவர் சொந்த ஊரைப் பார்த்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ரயிலில் இரண்டு இரவு படுக்கையில் ஏறி இறங்க அவருக்கு இயலாது. விமானமோ காதில் வலியை உண்டாக்குகின்றது. ஆகவே காரை நம்பித்தான் அந்தப் பயணம் இருந்தது.

பயணத்திற்கு ஆறு வாரம் முன்பு பணிமனை ஒன்றில் காட்டினோம். அங்கிருந்த இளைஞர் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "இந்த வகை வண்டி எல்லாவற்றிலும் இது உண்டு; பொருட்படுத்த வேண்டாம்" என்றார். வற்புறுத்திக் கேட்டபோது, டாஷ்போர்டு முழுவதையும் கழற்றி மாட்டினால் நிற்கலாம் என்று பெருந்தொகை ஒன்றைச் சொன்னார். ஓசை எது என்று தெரியாமலே ஓர் உறுப்பைக் கழற்றுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. நோய் எது என்று தெரியுமுன் அறுவைக்கு நாள் குறிப்பதைப் போன்றது அது. முதலில் நாமே கேட்டு அறிவோம் என்று வீட்டிற்குத் திரும்பினோம்.

அன்று மாலையே ஒரு குறிப்பேடு தொடங்கினோம். காரில் செல்லும் எவர் காதில் எந்த ஓசை விழுந்தாலும் அதில் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. ஓசை எத்தகையது? எந்த வேகத்தில்? எத்தகைய சாலையில்? கார் நிற்கும்போது எஞ்சின் ஓடினால் கேட்கின்றதா? பிரேக்கை மெல்ல அழுத்தினால் நிற்கின்றதா? வளைவில் திரும்பும்போது மிகுகின்றதா? காலையிலா, மாலையிலா? கேட்டவர் எந்த இருக்கையில் இருந்தார்? இவ்வளவுதான் வினாக்கள். இவற்றிற்கு விடை எழுதுவது எளிது. ஆனால் இந்த விடைகளே பாதி வேலையை முடித்துவிடுகின்றன.

ஏனெனில் ஒவ்வொரு விடையும் ஒரு கதவைத் திறந்து ஒன்பது கதவுகளை மூடுகின்றது. கார் நிற்கும்போதே எஞ்சினின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இரைந்தால், அது சாலையால் வருவது அன்று. எஞ்சினின் அதிர்வில் நடுங்கும் ஏதோ ஒன்றால் வருவது. ஓடும்போது மட்டும் கேட்டு, பிரேக்கைத் தொட்டவுடன் நின்றால், பிரேக்குக் கட்டைகள் தம் கூட்டில் ஆடுகின்றன என்று ஐயுறலாம். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி வளையும்போது டக்டக்கென்று அடித்தால், முன் சக்கரத்தை ஓட்டும் அச்சின் மூட்டைப் பார்க்க வேண்டும்.

ஓசைகளின் இயல்பையும் அறிந்துகொள்வது நல்லது. காருக்குள் எழும் ஓசைகள் பெரும்பாலும் இரண்டு குலத்தைச் சேர்ந்தவை. ஒன்று மோதுவதால் வருவது. இரு பொருள்களுக்கு இடையே சிறிது இடைவெளி இருந்து, அதிர்வில் அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்; இதுவே கடகடப்பு. மற்றொன்று உராய்வதால் வருவது. இரு பரப்புகள் ஒட்டிக்கொண்டு, இழுபட்டு, திடீரென வழுக்கி, மீண்டும் ஒட்டிக்கொள்ளும். இது ஒரு நொடியில் பல நூறு முறை நிகழும்போது கீச்சென்று ஒலிக்கும். வயலினில் வில்லும் தந்தியும் செய்வதும் இதுவே. எண்ணெய் காணாத கதவுக் கீல் செய்வதும் இதுவே. முன்னதற்கு மருந்து இடைவெளியை அடைப்பது அல்லது தளர்ந்ததை இறுக்குவது. பின்னதற்கு மருந்து இரு பரப்பையும் பிரித்து நடுவே மென்மையான ஒன்றை வைப்பது.

தேடலின் முதற்படி, காரைக் காலி செய்தல். ஞாயிற்றுக்கிழமை காலையில் தரையில் ஒரு பழைய போர்வையை விரித்துக் காருக்குள் இருந்த எல்லாவற்றையும் அதன்மேல் அடுக்கினோம். ஒரு குடும்பத்தின் வரலாறே வெளியே வந்தது. கதவுப் பையில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள், இருக்கைக்கு அடியில் ஒரு தேங்காய், எட்டு நாணயங்கள், குழந்தையின் வடிவியல் பெட்டி, விபூதிச் சம்புடம் ஒன்று, டிக்கியில் எப்போதோ ஊறுகாய் வந்த காலிப் புட்டிகள் மூன்று. டாஷ்போர்டின்மேல் ஒட்டியிருந்த பிள்ளையாரும் விலக்கில்லை. வெயிலில் பசை காய்ந்து அவர் பீடத்தின் ஒரு மூலை எழும்பியிருந்தது. ஒவ்வொரு குழியிலும் தலையாட்டிக்கொண்டிருந்தவர் அவரே. புதுப் பசையிட்டு அமர்த்தியபின் அமைதியானார்.

அத்தோடு ஜாக்கியையும் ஸ்டெப்னியையும் பார்த்தோம். சக்கரம் மாற்றியபின் இவற்றை எவரும் முன்போல் இறுக்கி வைப்பதில்லை. ஜாக்கியின் திருகை அரைச் சுற்று தளர்ந்திருந்தால் போதும்; டிக்கி முழுதும் ஒரு பாத்திரக் கடையாகிவிடும். பின்னிருக்கையின் சாய்மானத்தைப் பூட்டும் கொக்கி, தலைசாய்ப்பான்களின் கம்பி, பானெட்டைத் தாங்கும் கோல், எண் பலகையின் திருகாணி, எவரும் அணியாத சீட் பெல்ட்டின் உலோக நாக்கு தூணில் மோதுதல் ஆகிய இவை யாவும் கையால் ஆட்டிப் பார்த்தே அறியத்தக்கவை. சீட் பெல்ட் ஓசைக்குச் சிறந்த மருந்து அதை அணிவதுதான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு செய்தபின் குறிப்பேட்டில் மூன்று ஓசைகள் எஞ்சின. முதலாவது, டாஷ்போர்டின் பக்கம் எழும் கீச்சொலி. இரண்டாவது, சிக்னலில் நிற்கும்போது காலுக்கடியில் வண்டு முரல்வதைப் போன்ற இரைச்சல். மூன்றாவதைப் பெரியவர் சொல்லக் குழந்தை எழுதியிருந்தாள்: "கீழே இடது பக்கம் யாரோ கதவைத் தட்டுவதுபோல. தாத்தா சொன்னது." அதை எங்களில் வேறு எவரும் கேட்கவில்லை. எனினும் எழுதியது எழுதியபடியே இருந்தது. அதன் முறை வரும்போது பார்ப்பது என்று வைத்தோம்.

முதல் ஓசையைத் தேடும்போது ஓர் உண்மை விளங்கிற்று. காருக்குள் காது நம்மை ஏமாற்றிவிடும். ஒலி இரு காதுகளையும் அடையும் நேர வேறுபாட்டைக் கொண்டே அது எத்திசையிலிருந்து வருகின்றது என்று நாம் அறிகின்றோம். அந்த வேறுபாடு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. இடமா வலமா என்பதை அது நன்றாகச் சொல்லும். முன்னா பின்னா, மேலா கீழா என்பதில் தடுமாறும். அதற்குமேல் காரின் உட்புறம் முழுதும் கண்ணாடி. ஒலி அதில் பட்டுத் திரும்பி, பிறந்த இடத்தை விட்டு வேறோர் இடத்திலிருந்து வருவதாகத் தோன்றும்.

ஆகவே ஓட்டுபவர் தேடக் கூடாது. அவர் வேலை சாலையைப் பார்ப்பது. இருவர் வேண்டும், ஒருவர் ஓட்ட மற்றவர் கேட்க வேண்டும். கேட்பவர் இருக்கையை மாற்றிக்கொண்டே கேட்க வேண்டும். சாலையையும் வேகத்தையும் மாற்றவே கூடாது. வானொலியையும் காற்று விசிறியையும் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட வேண்டும். ஐயமுள்ள இடத்தைக் கையால் அழுத்தினால் ஓசை நிற்கின்றதா, மாறுகின்றதா என்று பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஓர் இடத்தைத்தான் அழுத்த வேண்டும். இரண்டு இடத்தை ஒருங்கே அழுத்தி ஓசை நின்றால், எது நிறுத்தியது என்பது தெரியாமல் போகும்.

கீச்சொலியைக் கண்டுபிடித்தவள் குழந்தைதான். குழந்தைகளின் காது மிக உயர்ந்த சுருதிகளையும் கேட்கும். வயது ஏற ஏற அவையே முதலில் விடைபெறுகின்றன. முன் கண்ணாடியும் டாஷ்போர்டும் சந்திக்கும் ஓரத்தில், வலப்பக்கம், அவள் விரல் வைத்தவுடன் ஓசை நின்றது, எடுத்தவுடன் வந்தது. மூன்று முறை அவ்வாறே ஆயிற்று. கரோல் பாக்கில் வாங்கிய மெல்லிய கம்பளித் துணி நாடாவில் ஒரு விரற்கடை அகலம் வெட்டி அந்த இடுக்கில் செருகினோம். நான்கு மாதத் தொல்லை நான்கு நிமிடத்தில் தீர்ந்தது. டாஷ்போர்டைக் கழற்றச் சொன்ன பெருந்தொகை எங்களிடமே தங்கிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் புதிய கார்களில் ஓட்டுபவருக்கு ஏர்பேக் கட்டாயமாக்கப்பட்டது. இன்றைய கார்களில் ஸ்டியரிங்கிலும் டாஷ்போர்டிலும், சிலவற்றில் தூண்களிலும் இருக்கைகளிலும் அவை மடித்து வைக்கப்பட்டுள்ளன. அந்த மூடிகளின் ஓரத்தில் துணியோ நுரையோ திணிக்கக் கூடாது. அவற்றின்மேல் எதையும் ஒட்டவும் கூடாது. விபத்தின்போது அவை கண்ணிமைக்கும் நேரத்தில் பிளந்து விரிய வேண்டியவை. அங்கிருந்து ஓசை வந்தால் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை. அவ்வாறே கதவு ரப்பர்கள் கீச்சிட்டால் சமையல் எண்ணெயோ எஞ்சின் எண்ணெயோ தடவ வேண்டா. ரப்பர் ஊதிக் கெடும். துடைத்துச் சுத்தம் செய்து, அதற்கென விற்கும் சிலிக்கோன் பூச்சைச் சிறிது துணியில் எடுத்துத் தடவினால் போதும்.

இரண்டாவது ஓசைக்காகத் தெருமுனை மிஸ்திரியை நாடினோம். ஓட்டுபவர் நிறுத்திய காரில் எஞ்சினைச் சற்றே விரைவாக்க, மிஸ்திரி குனிந்து கேட்டார். புகைபோக்கிக் குழாயின் வெப்பம் காரின் தரையைத் தாக்காதபடி ஒரு மெல்லிய தகடு மூடியிருக்கும். அதைப் பிடிக்கும் திருகாணி ஒன்று துருவேறி அறுந்திருந்தது. எஞ்சினின் குறிப்பிட்ட வேகத்தில் தகடு தன் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போய் முரன்றது. வேகம் கூடினாலும் குறைந்தாலும் அடங்கிற்று. குழாய் ஆறும்வரை காத்திருந்து, ஓர் எஃகுப் பட்டையால் சுற்றிக் கட்டினார். தகட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கமும் சிலரிடம் உண்டு என்றும், அப்படிச் செய்தால் மேலே உள்ளவை கருகும் என்றும் அவர் சொன்னார்.

இனி மூன்றாவது. கீச்சொலியும் முரலொலியும் போனபின் கார் அமைதியாயிற்று. அந்த அமைதியில்தான் பெரியவர் சொன்ன தட்டல் எங்கள் காதிலும் விழத் தொடங்கிற்று. மிக மெல்லியது, ஓசை என்பதைவிட அதிர்ச்சி என்பதே பொருந்தும். அவர் எப்போதும் முன் இடப்பக்கத்து இருக்கையில் அமர்வார். அமர்ந்தவுடன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைப்பது அவர் வழக்கம்.

"தாத்தா, உங்களுக்குத்தான் காது சரியாகக் கேட்காதே? இது மட்டும் எப்படிக் கேட்டது?" என்றாள் குழந்தை.

"காதால் யாரம்மா கேட்டது? காலால் கேட்டேன்" என்றார் அவர்.

அவர் தென்னக ரயில்வேயில் வண்டிப் பரிசோதனைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். வண்டி நிலையத்தில் நின்றவுடன் நீண்ட பிடியுள்ள சுத்தியலோடு இறங்கி, ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிச் செல்வது அந்தக் காலத்து முறை. நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் கண்ட சக்கரம் உடைந்த பானைபோல் மந்தமாக ஒலிக்கும். அச்சுப் பெட்டியைக் கையால் தொட்டு அதன் வெப்பத்தை அறிவர். ஓர் இரவில் நூற்றுக்கணக்கான சக்கரங்களைத் தட்டிக் கேட்ட காது அவருடையது. இன்று வீட்டில் அழைப்பு மணி அடித்தாலும் அவருக்குத் தெரிவதில்லை. நாலு பேர் கூடிப் பேசும்போது பேச்சு பிடிபடாமல் எழுந்து தம் அறைக்குச் சென்றுவிடுகின்றார். கீச்சொலி அவரைத் தொல்லை செய்யவே இல்லை. ஆகவே கீழே நடப்பதைக் கவனிக்க அவருக்கு இடையூறு இருக்கவில்லை.

அவரே ஒரு சோதனையும் சொன்னார். "ஒரு பக்கத்துச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்படி ஓட்டுங்கள்; பிறகு இரண்டு சக்கரமும் ஒன்றாக மேட்டில் ஏறும்படி ஓட்டுங்கள். இரண்டிலும் தட்டுகிறதா என்று பார்க்கலாம்." ஆள் நடமாட்டம் இல்லாத காலை வேளையில் அவ்வாறே ஓட்டினோம். வேகத்தடையின்மேல் இரு முன் சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கியபோது ஓசை இல்லை. இடச்சக்கரம் மட்டும் ஒரு சிறு குழியில் இறங்கியபோது, டொக்கென்று தட்டிற்று. ஐந்து முறை ஓட்டினோம். ஐந்து முறையும் அவ்வாறே.

இதன் பொருளை மிஸ்திரியிடம் சொன்னவுடன் அவர் முகம் மலர்ந்தது. முன் சக்கரங்கள் இரண்டையும் குறுக்கே இணைக்கும் ஒரு முறுக்குத் தண்டு உண்டு. வளைவில் கார் ஒரு பக்கம் சாயாமல் தாங்குவது அதன் தொழில். இரு சக்கரமும் ஒன்றாக ஏறினால் தண்டும் கூடவே ஏறும். அதற்கு வேலையே இல்லை. ஒன்று மட்டும் இறங்கினால்தான் அது முறுக்கிக்கொள்ளும். அந்தத் தண்டைச் சக்கரத்தின் பக்கம் பிணைக்கும் சிறு கோலை லிங்க் ராடு என்பர். அதன் மூட்டு தேய்ந்திருந்தால், முறுக்கும்போதெல்லாம் தட்டும். பெரியவர் சொன்ன சோதனை இவ்வளவையும் சாலையிலேயே சொல்லிவிட்டது.

காரை உயர்த்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடியில் இரும்புத் தாங்கிகளும் வைத்தபின், மிஸ்திரி சக்கரத்தைக் கழற்றினார். லிங்க் ராடு தேய்ந்தே இருந்தது. அது பெரிய பிழை அன்று. விலையும் மிகுதி அன்று. ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. ஒரு நெம்புகோலை வைத்துக் கீழ்க் கையை மெல்ல நெம்பினார். அக்கையின் முனையில், சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட் சிறிது ஆடிற்று. அதை மூடியிருந்த ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, உள்ளே மண்ணும் நீரும் புகுந்திருந்தன. அது இன்னும் ஓசை தரத் தொடங்கவில்லை.

லிங்க் ராடு உடைந்தால் கார் வளைவில் சற்று மிகுதியாகச் சாயும், ஓட்டிச் சென்றுவிடலாம். பால் ஜாயின்ட் கழன்றால் அவ்வாறன்று. சக்கரம் வெளிப்புறமாக மடிந்துவிடும். அக்கணமே ஸ்டியரிங் பயனற்றுப்போகும். தெருமுனையில் நிகழ்ந்தால் செலவோடு போகும். நாக்பூருக்கு அப்பால், நெடுஞ்சாலையில், மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நிகழ்ந்தால் என்ன ஆகும் என்று எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இடப்பக்கத்து இருக்கையில் அமர்பவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது நம் பழமொழி. இங்கே யானை மணி கட்டிக்கொள்ளாமலே வந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நடந்து வந்த ஆட்டுக்குட்டியின் மணிதான் காட்டிக்கொடுத்தது. கஷ்மீரி கேட் கடைகளில் உறுப்புகளை வாங்கி வந்தோம். இரு பக்கத்துக் கீழ்க் கைகளும் லிங்க் ராடுகளும் ஒரே நாளில் மாற்றப்பட்டன. அதன்பின் சக்கரங்களின் நேர்மையையும் கருவியில் வைத்துச் சரிசெய்தோம். கீழ்க் கையை மாற்றியபின் இதைச் செய்யாவிடில் டயர் ஒருபுறமாகத் தேயும். கார் வெளியே வந்தவுடன் பெரியவரை அமர்த்தி அதே குழியில் இறக்கினோம். அவர் கண்களை மூடிக்கொண்டு சிறிது நேரம் பாதத்தால் கேட்டார். பிறகு, ரயில் நிலையத்தில் வண்டிக்கு விடை கொடுப்பதுபோல் கையை உயர்த்திக் காட்டினார்.

சூன் மாதத்தில் திருச்சிக்குச் சென்று திரும்பினோம். ஐந்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அப்பயணத்தில் குறிப்பேட்டில் ஒரே ஒரு வரிதான் ஏறிற்று: கர்னூலுக்கு அருகில் முறுக்கு டப்பாவின் மூடி.

கோடை விடுமுறையில் காரிலேயே ஊருக்குச் செல்லும் குடும்பங்கள் நம்மில் பெருகி வருகின்றன. அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே காரைக் காலி செய்து, வானொலியை நிறுத்தி, வீட்டிலுள்ள அனைவரையும் ஒருமுறை ஏற்றிக்கொண்டு சுற்றி வாருங்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு இருக்கையில் அமர்ந்து, கேட்டதைச் சொல்லட்டும். குழந்தை கேட்பதைப் பெரியவர் கேட்க மாட்டார். பெரியவர் உணர்வதை ஓட்டுபவர் உணர மாட்டார். காது மந்தம் என்று எவர் சொல்வதையும் தள்ளிவிட வேண்டா. சிறு ஓசைகளை முதலில் ஒழித்துவிட்டால், ஒழிக்கக் கூடாத ஓசை எது என்பது தானே விளங்கும்.

குறிப்பேடு ஒன்றையும் காரிலேயே வைத்திருங்கள். அதோடு வைக்கும் பேனாவை மட்டும் ஒரு துணியில் சுற்றி வையுங்கள். இல்லையேல் அடுத்த ஓசையாக அதைத்தான் எழுத வேண்டியிருக்கும்.